கத்தரீனா பிடித்த கயிறு

மகாதேவியை நல்ல மனுசி என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. வாய்க்காரி என்றார்கள். பிடிவாதக்காரி என்றார்கள். புருசன் மார்க்கண்டு செத்த பிறகு அறுதலி என்றார்கள். இதில் வாய்க்காரி என்பது மட்டும் பொய். அவள் அதிகம் கதைத்தவள் அல்ல.

குப்பிளானில் அவர்களுக்கு இருந்தது ஒரு துண்டுச் செம்மண் தோட்டம். புகையிலை, மிளகாய், மாரி முடிந்தால் வெங்காயம். கிணறு பங்குக் கிணறு. பாதி மார்க்கண்டுவுக்கு, பாதி அவனுடைய தமையன் சோமசேகரத்துக்கு. காணி பிரித்தபோதே முறையும் பிரித்தாகிவிட்டது. ஒருநாள் அவர்களுக்கு, ஒருநாள் இவர்களுக்கு. விடியலில் இறைப்புத் தொடங்கும். இரவு முழுக்க ஊறிக் கிணறு நிறைந்திருக்கிற நேரம் அதுதான். கல்லுக்குள்ளால் கசிந்து வருகிற தண்ணீர். இறைத்து முடித்தால் திரும்ப ஊற அரைநாள் வேண்டும்.

மார்க்கண்டு நெருப்புக் காய்ச்சலில் போனான். கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்து வந்தபின், தங்கள் முறை நாள் விடியலில், மகாதேவி வெள்ளைச் சேலையோடு கிணற்றடிக்குப் போனாள். கிணற்றுக் கட்டில் சோமசேகரம் குந்தியிருந்தார். வாயில் வேப்பங்குச்சி.

"எங்கை பிள்ளை வெளிக்கிட்டனீ?"

"இண்டைக்கு எங்கடை முறை, அத்தான்."

"முறை எங்கையும் ஓடிப் போகாது. விடியக்காலமை தோட்டத்துக்கு வெளிக்கிடுற சனம் உன்ரை முகத்திலையோ முழிக்கிறது? மத்தியானம் வந்து இறை."

பின்னால் குடத்தோடு நின்ற அவருடைய மனைவி குணலட்சுமி, "அவளை ஏன் பேசுறியள், பாவம். கண்ணாடி பாக்கிற பழக்கம் விட்டுப்போச்சாக்கும்" என்றாள்.

மகாதேவி திரும்பி நடந்தாள். மத்தியானம் வந்து இறைத்தாள். அடுத்த முறையும் மத்தியானம். முறை மாறிய கதை அப்படித்தான். ஒருவரும் எழுதவில்லை, ஒருவரும் மறுக்கவில்லை.

அந்த வருசமே சோமசேகரம் தண்ணீர் இறைக்கிற மிசின் வாங்கினார். மண்ணெண்ணெய் மிசின். சூடேறினால் இடைக்கிடை படார் என்று வெடிக்கும், பிறகு பழையபடி ஓடும். மகாதேவியின் நாளிலும் விடியலில் அவர் மிசினைப் பூட்டினார். காலமை சும்மா கிடக்கிற தண்ணீர்தானே என்றார். மத்தியானம் அவள் துலாவைத் தாழ்த்தினால் தண்ணீர் அள்ளும் ஓலைப்பட்டை அடிக்கல்லில் போய் இடித்தது. மிளகாய்க் கன்றுகள் நுனியிலிருந்து காயத் தொடங்கின.

"என்ரை நாளிலை மிசினை நிப்பாட்டுங்கோ, அத்தான்."

"தண்ணியிலை உன்ரை பேர் எழுதிக் கிடக்கோ? ஏன் பிள்ளை கிடந்து உலையிறாய். காணியை எனக்கு எழுதித் தா. உனக்கும் பெட்டைக்கும் சோறு போடமாட்டமோ? குணத்துக்கும் அடுப்படியிலை ஒரு கை உதவி."

கேட்டது காணி மட்டுமல்ல. மகாதேவிக்கு அது விளங்கியது. காணி போனால் அவளும் மகள் ஞானாம்பிகையும் குணலட்சுமியின் அடுப்படியில். சாகும்வரை.

தோட்டத்து மூலையில் ஒரு வேம்பு. அதன் அடியில் குத்தி நின்ற சூலம்தான் அவர்களுடைய வைரவர். மார்க்கண்டுவின் பாட்டன் நட்டது. மகாதேவி தேவாரம் பாடிக் கும்பிடுகிறவள் அல்ல. ஆளோடு கதைப்பது போலக் கதைப்பாள். அன்று விளக்கை ஏற்றிவிட்டு, "இதிலை நான் ஒரு கிணறு வெட்டப்போறன். எனக்குத் துணை ஆருமில்லை. நீர் பாத்துக்கொள்ளும்" என்றாள். அவ்வளவுதான்.

சுற்றுவட்டாரத்தில் கிணறு வெட்டுகிறவர்களுக்கெல்லாம் சோமசேகரம் சொல்லி வைத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. கொழும்புத்துறையிலிருந்துதான் ஆள் வந்தது. கிறகோரி. ஐம்பதை நெருங்கியவன். கல்லுக்கு வெடி வைத்து வைத்துக் காது மந்தமாகிப் போனவன். அவனோடு கல் தூக்கிக் கொட்ட தேவராசா என்று ஒருவன்.

கிறகோரி நிலத்தைச் சுற்றி வந்தான். சூலத்தைப் பார்த்தான்.

"உவர் ஆர், நாச்சியார்?"

"வைரவர்."

"பக்கத்திலை வெடி வைச்சாக் கோவிப்பரோ?"

"நீ உன்ரை அந்தோனியாரைக் கேட்டுக்கொண்டு வை. இவரை நான் பாத்துக்கொள்ளுறன்."

"ரெண்டு பேரும் ஒத்துப்போனாச் சரி" என்று சொல்லி அவன் அலவாங்குக் கடப்பாரையை எடுத்தான்.

செம்மண் சுகமாக வந்தது. பிறகு கல். ஆள் ஆழம், இன்னொரு ஆள் ஆழம், அதற்கும் கீழே. காய்ந்த வெள்ளைக் கல். ஈரத்தின் மணம்கூட இல்லை. மகாதேவி தாலிக்கொடியை விற்றாள், பிறகு பசுவை. வேலிக்கு அந்தப் பக்கத்தில் குணலட்சுமி யாருக்கோ உரக்கச் சொன்னாள்: "கிணறில்லையெண்டாலும் பறவாயில்லை, நாளைக்குத் தன்னைப் புதைக்கவெண்டாலும் உதவும்."

தாகமெடுத்தால் கிறகோரி மேலே வருவான். மகாதேவி குடத்துத் தண்ணீரைச் சிரட்டையில் வார்த்துக் கொடுப்பாள். ஒருநாள் குடித்துவிட்டுச் சிரட்டையை வேலியில் கவிழ்த்துக்கொண்டே அவன் சொன்னான்: "கிணறு வெட்டுமட்டும் உள்ளுக்கை நிப்பம். தண்ணி வந்தா எட்ட நிப்பம். உதுதானே நாச்சியார் உங்கடை ஊர்ச் சட்டம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மகாதேவி சிரிக்கவில்லை. சிரட்டையை மாற்றவுமில்லை.

வெடி வைக்கிற முறை இதுதான். கல்லில் துளை போடுவது. மருந்தை இறுக்கித் திரி வைப்பது. கொளுத்திவிட்டு ஏறி ஓடுவது. எத்தனை துளையோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால் அன்றைக்கு ஒருவரும் கிணற்றுக்குள் இறங்கக்கூடாது. கிறகோரியின் காதில் அவனுக்கே நம்பிக்கை இல்லை. தேவராசாவின் காதும் அப்படித்தான். ஆகவே சத்தத்தை எண்ணுகிற வேலை மகாதேவிக்கு.

அன்று மூன்று துளை. வேலிக்கு அப்பால் சோமசேகரத்தின் மிசின் ஓடிக்கொண்டிருந்தது. வெடித்தது. திரும்ப வெடித்தது. கல் பறந்து வேம்பில் விழுந்து இலை கொட்டியது. அவள் தலையைக் கையால் மூடிக்கொண்டாள். படார் என்று இன்னொன்று.

"எல்லாம் போட்டுதோ, நாச்சியார்?"

"ஓம்" என்றாள் மகாதேவி.

புகை அடங்க அவன் இறங்கினான். உடைந்த கல்லைப் பிரட்ட அலவாங்கைப் போட்டான். அப்போதுதான் மூன்றாவது துளை வெடித்தது.

தேவராசா அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். சனம் ஓடி வந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவில், வேலிக்கு அப்பால் மிசின் ஒருமுறை படார் என்றது. அவள் மூன்றாவதாக எண்ணியதும் இப்படி ஒரு சத்தம்தான்.

விசாரணைக்கு வந்தவர்கள் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். யார் சத்தம் எண்ணியது என்று அவர்கள் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை.

கிணற்றடிப் பக்கம் பிறகு ஒருவரும் வரவில்லை. வண்ணான் வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். தேவராசா கூலி வாங்கக்கூட வரவில்லை. குணலட்சுமி மட்டும் வாசல் படலைவரை வந்து, "புருசனை விழுங்கினது காணாதெண்டு இப்ப ஊரான் புருசனும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சோமசேகரம் வரவில்லை. காணி எழுத நொத்தாரிசுவிடம் நாள் கேட்டிருப்பதாக ஆள் அனுப்பினார்.

மகாதேவி ஓம் என்று சொல்லிவிட்டாள். அன்று பொழுதுபட வேம்படிக்குப் போனாள். விளக்கில் எண்ணெய் விடவில்லை.

"பாத்துக்கொள்ளும் எண்டன். பாத்துக்கொண்டுதான் நிண்டனீர். இனி என்னாலை ஏலாது."

விளக்கைக் கவிழ்த்து வைத்தாள். நித்திரை வரவில்லை. காணி எழுதிக் கொடுக்க முன்னம் ஒரு வேலை மிச்சமிருந்தது. சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். விடிய முதல் பஸ்ஸில் பட்டணத்துக்குப் போய், அங்கிருந்து கொழும்புத்துறைக்கு நடந்தாள்.

கிறகோரியின் மனைவி கத்தரீனா கடல் பக்கம் பார்த்த கொட்டிலின் முன்னால் றால் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். கறுப்புச் சேலை. மகாதேவியைக் கண்டதும் எழும்பினாள். பழக்கத்தில் எழும்பினாள்.

"வாருங்கோ நாச்சியார். இருக்கச் சொல்ல இஞ்சை ஒண்டுமில்லை."

"நான் இருக்க வரேல்லை. ஒண்டு சொல்ல வேணும். எல்லாம் வெடிச்சிட்டுதோ எண்டு அவன் கேட்டவன். நான்தான் ஓம் எண்டனான். மிசின் சத்தத்தை வெடியெண்டு எண்ணிப்போட்டன்."

கத்தரீனா திரும்பக் குந்தினாள். ஒரு றாலின் தலையைத் திருகி எறிந்தாள். இன்னொன்று.

"கிணத்தை மூடப்போறன்" என்றாள் மகாதேவி. "காணியை அத்தானுக்கே எழுதிக் குடுக்கிறன். கடவுளுக்கு அது விருப்பமில்லைப் போலை. காட்டிப்போட்டார்."

கத்தரீனா நிமிர்ந்தாள். "ஆர் காட்டினது?"

"கடவுள்."

"உனக்கு வந்து சொன்னவரோ, நிப்பாட்டு எண்டு?"

உனக்கு என்றாள். அதுவரைக்கும் அந்தச் சொல்லால் மகாதேவியை அந்தச் சாதியில் ஒருவரும் கூப்பிட்டதில்லை.

"பயந்துபோனன் எண்டு சொல்லு. களைச்சுப்போனன் எண்டு சொல்லு. ஏன் அதுக்குச் சாமியின்ரை பேரை வைக்கிறாய்? என்ரை மனுசனைத் திண்டது உன்ரை ஓம். இப்ப கிடங்கை மூடிப்போட்டு அடுப்படியிலை போய்க் குந்தப்போறாய். அவன் எதுக்குச் செத்தவன்? ஒரு வெறுங் கிடங்குக்கோ?"

"இறங்க ஆளில்லை, கத்தரீனா. ஒருத்தரும் வரமாட்டினம்."

"உனக்குக் கால் இல்லையோ?"

மகாதேவி குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"நான் மேலை நிண்டு கயிறு பிடிக்கிறன்" என்றாள் கத்தரீனா. "அவன் இறங்கின இடத்துக்கு நீ இறங்கு."

"உனக்குச் சாமியிலை கோவமில்லையோ?"

"கோவமில்லாமலோ? விடிஞ்சா எழும்பி அவரோடைதான் சண்டை. ஒருத்தர் இருக்கிறார் எண்டபடியால்தானே சண்டை பிடிக்கிறன்."

திங்கட்கிழமை கத்தரீனா வந்தாள். புருசனுடைய அலவாங்கோடு வந்தாள். மகாதேவி சேலையை இறுக்கிக் கொடுக்குக் கட்டினாள். இறங்க முன்னம் வேம்படிக்குப் போனாள். கவிழ்த்த விளக்கை நிமிர்த்தினாள்.

"எனக்குப் பயமாக் கிடக்கு, வைரவரே. நான் இறங்கிறன். நீரும் வாரும்."

கல்லில் வெட்டியிருந்த படிகளில் காலை ஊன்றி ஊன்றி இறங்கினாள். அடியில் கல்லின் ஒரு பக்கம் கறுத்திருந்தது. அது புகையின் கறுப்பா வேறு கறுப்பா என்று அவள் பார்க்கவில்லை. வெடி இனி இல்லை. அலவாங்கால் வெடிப்புகளைத் தேடிக் குத்திப் பெயர்க்க வேண்டும். பெயர்த்ததை ஓலைக் கடகத்தில் போட வேண்டும். கடகம் கயிற்றில் மேலே போகும். வெறுங் கடகம் திரும்பி வரும். கை தோலுரிந்தது. தண்ணீர் ஊற்றினால் எரிந்தது, ஊற்றாவிட்டாலும் எரிந்தது. மேலே நிற்கிறவள் நாள் முழுக்க ஒரு சொல் கதைக்க மாட்டாள்.

வேலிக்கு மேலால் சனம் எட்டிப் பார்த்தது. குணலட்சுமி சொன்னாளாம், "பாத்துக்கொண்டிருங்கோ. மேலை நிக்கிறவள் பழி தீர்க்காமல் போகமாட்டாள்." மகாதேவிக்கும் அந்த நினைப்பு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கடகமும் தலைக்கு மேலால்தான் போகிறது. கிணற்றின் அகலம் ஒதுங்கப் போதாது. பிடி நழுவியது என்றால் ஒருவரும் குற்றம் சொல்ல ஏலாது.

ஒருநாள் அது நின்றது. நிறைந்த கடகம், பாதி வழியில். மகாதேவி நிமிர்ந்து பார்த்தாள். வட்டமான வெளிச்சம். அதன் நடுவில் கடகம் மெல்லச் சுழன்றது. அதன் ஓரத்தில் கத்தரீனாவின் முகம். கடகத்திலிருந்து சின்னக் கல்லொன்று விழுந்து மகாதேவியின் தோளில் பட்டது.

கூப்பிட்டால் கேட்க ஒருவருமில்லை. ஞானாம்பிகை பள்ளிக்கூடத்தில். கல்லில் முதுகை ஒட்டினாள். அதற்கு மேல் ஒட்ட இடமில்லை. வைரவரே என்று தொடங்கினாள். அடுத்த சொல் வரவில்லை. காப்பாற்று என்று கேட்க வாய் எழவில்லை. மேலே நிற்கிறவளுக்கும் அவர்தானே கடவுள். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆகவே, "உம்மடை விருப்பம்" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு ஒட்டியிருந்த முதுகை எடுத்தாள். கடகத்துக்கு நேர் கீழே வந்து நின்று, அலவாங்கை எடுத்துக் குத்தத் தொடங்கினாள்.

மேலேயிருந்து குரல் வந்தது. "பயமாக் கிடக்கோ?"

"ஓம்."

"அவனுக்குப் பயப்பிட நேரம் கிடைக்கேல்லை."

பிறகு கயிறு இறுகியது. கடகம் அசைந்து மேலே போனது.

அன்று பின்னேரம் அலவாங்கின் நுனி ஈரத்தோடு வந்தது. அடுத்த நாள் வெடிப்பொன்றிலிருந்து நூல் போலத் தண்ணீர் கசிந்தது. நெஞ்சு அளவுக்கு ஊற வார முடிவு ஆயிற்று. மகாதேவி இன்னும் தோண்ட வேணுமோ என்று கேட்டாள். "காணும்" என்றாள் கத்தரீனா. "தண்ணி கண்ட பிறகு ஆசைப்படக்கூடாதெண்டு அவன் சொல்லுவான். கீழை உப்பு."

முதல் தண்ணீர் கத்தரீனாவுக்கு என்று மகாதேவி நினைத்திருந்தாள். செம்பைக் கழுவி எடுத்து வந்தாள்.

"சிரட்டை எங்கை?" என்றாள் கத்தரீனா.

மகாதேவி செம்பைக் கீழே வைத்தாள். கயிற்றை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். வேலியில் அப்போதும் சனம் நின்றது. சோமசேகரமும் நின்றார். அந்த ஊரில் அந்தச் சாதிக் கைகள் ஒரு கிணற்றுக் கயிற்றைப் பிடித்ததில்லை, வெட்டுகிற நாள் தவிர.

கத்தரீனா அள்ளினாள். வாளியைக் கட்டில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவ்வளவையும் திரும்பக் கிணற்றுக்குள் ஊற்றினாள். கல்லில் வழிந்து இறங்கியது.

"எனக்கு உது தொண்டையாலை இறங்காது" என்று சொல்லி, அலவாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். பிறகு வரவில்லை.

கயிற்றைக் கொடுத்த குற்றத்துக்கு ஊர் தன் கணக்கைத் தீர்த்தது. கோயிலில் அவளுடைய அர்ச்சனைத் தட்டைக் கடைசியாகத் தள்ளி வைத்தார்கள். ஞானாம்பிகைக்கு வந்த இரண்டு சம்பந்தம் குழம்பியது. ஒன்றில் மாப்பிள்ளை வீட்டார் நேராகவே சொன்னார்கள்: உயிர் குடித்த கிணறும், கண்ட கை பட்ட தண்ணீரும் சீதனமாக வேண்டாம். ஞானாம்பிகை படித்து, படம் வரைகிற உத்தியோகம் எடுத்து, கொழும்புக்குப் போனாள். கலியாணம் ஆகவில்லை. மகாதேவி மிளகாய் நட்டாள். இறைத்தாள். விளக்கு வைத்தாள். கிணற்றுக் கட்டில் எந்நேரமும் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் இருக்கும். வைரவருக்காக்கும் என்று நினைத்தார்கள்.

அறுதலியின் கிணறு ஊறுகிறது என்ற கோபத்தில் சோமசேகரம் பங்குக் கிணற்றை ஆழமாக்கினார். தண்ணீர் கண்ட பிறகும் வெடி வைத்தார். அடுத்த கோடையில் மிசின் இறைத்த தண்ணீரில் புகையிலை கருகியது. வாயில் வைத்தால் கடல். ஒரு விடியலில் குணலட்சுமி குடத்தோடு மகாதேவியின் படலையில் நின்றாள். முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

"அள்ளுங்கோ அக்கா" என்றாள் மகாதேவி. "விடியக்காலமைதான் நிறைஞ்சிருக்கும்."

அவர்கள் ஒவ்வொரு விடியலும் வந்து அள்ளினார்கள். நன்றி என்று ஒருநாளும் சொல்லவில்லை. வெளியில் பேசும்போது உயிர் குடித்த கிணறு என்றுதான் பேசினார்கள்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு மாசி மாதம், மகாதேவி செத்துப் போனாள். ஈரல் வருத்தம். நோவோடு நெடுநாள் கிடந்தாள். பெரியாஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசி நாட்களில் ஞானாம்பிகை பக்கத்தில் இருந்தாள். நோ கூடின நேரத்தில், "அம்மா, இவ்வளவும் பட்டும் உங்களுக்கு அவரிலை என்ன நம்பிக்கை?" என்று கேட்டாள்.

"கடகம் நிண்ட அண்டைக்கு நான் காப்பாத்து எண்டு கேக்கேல்லை, பிள்ளை" என்றாள் மகாதேவி. "கூட நிண்டவர். அது காணும்."

மகளுக்கு அது போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை.

செத்தவீட்டுக்கு ஊர் வந்தது. செத்தவீட்டுக்கு வராமல் விட ஏலாது. குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்தே அள்ளினார்கள். வேறு நல்ல தண்ணீர் பக்கத்தில் இல்லை. பிரேதம் போன பிறகு முற்றத்தில் ஒரு கிழவி நின்றாள். கறுப்புச் சேலை. ஞானாம்பிகைக்கு உடனே ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை.

"நான் கத்தரீனா."

இருக்கச் சொன்னாள். இருக்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனாள். கட்டில் செம்பு காய்ந்து கிடந்தது. சாவு வீட்டு அலுவலில் நிரப்ப ஒருவருக்கும் நினைவு வரவில்லை. குணலட்சுமி தாழ்வாரத்தில் இருந்து பார்த்தாள்.

கத்தரீனா கயிற்றை எடுத்து வாளியை இறக்கினாள். உதவிக்குப் போன ஞானாம்பிகையைத் தள்ளி நிற்கச் சொன்னாள். இழுத்து எடுத்து, வாளியைச் சாய்த்து, உள்ளங்கையில் வார்த்துக் குடித்தாள். ஒரு வாய். கொஞ்ச நேரம் வாய்க்குள் வைத்திருந்தாள். பிறகு விழுங்கினாள்.

"உப்பில்லை" என்றாள்.

மிச்சத் தண்ணீரைச் செம்பில் வார்த்து, செம்பைக் கட்டில் வைத்துவிட்டு, படலையைச் சாத்திக்கொண்டு போனாள்.